ராதாகிருஷ்ணன் எந்த ஊர்க்காரர்? அப்புறம், சிவகாமு அம்மாள்

கேள்வி (ஆகஸ்ட் 29, சித்தூரிலிருந்து ஒரு வாசகர்)

ஆசிரியர் தினம் வருகிறது. மகள் பள்ளியில் பேச்சுப் போட்டி. அவளுக்குக் கொடுத்த தெலுங்குக் கட்டுரையில் ராதாகிருஷ்ணன் ஆந்திராக்காரர் என்று இருக்கிறது. என் தங்கை மகன் வேலூரில் படிக்கிறான், அவன் கட்டுரையில் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்று இருக்கிறது. எது சரி? இன்னொன்று. அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கண்டபடி எழுதுகிறார்கள். குடியரசுத் தலைவராக இருந்த பெரியவரின் வீட்டு விஷயத்தைக் கிளற வேண்டுமா? நாட்டுக்குச் செய்ததைப் பேசினால் போதாதா?

ஆகஸ்ட் 29, இரவு 9.40

இரண்டு கட்டுரையிலும் பொய் இல்லை. அவர் 1888 செப்டம்பர் 5இல் திருத்தணியில் பிறந்தபோது ஆந்திராவும் கிடையாது, தமிழ்நாடும் கிடையாது. சென்னை மாகாணம், வட ஆற்காடு மாவட்டம், கார்வேட்டிநகரம் ஜமீன். 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போனது. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வட எல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் கொடுத்த தீர்ப்பு எல்லாம் ஆன பிறகு 1960 ஏப்ரல் 1இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருப்பதி அங்கே, திருத்தணி இங்கே என்று பெருமாளையும் முருகனையும் பங்கு பிரித்த கதையை எங்கள் பக்கத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.

குடும்பம் தெலுங்கு பேசும் குடும்பம். சர்வேபள்ளி நெல்லூர்ப் பக்கத்து ஊர், முன்னோர் அங்கிருந்து வந்தவர்கள். அப்பா வீராசாமி வருவாய்க் கணக்கு பார்க்கும் சின்ன உத்தியோகத்தில் இருந்தார். அம்மா சீதம்மா.

நான் நகரிக்காரி. ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் திருத்தணிக்கு ரயில் ஏறினால் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் இறங்கிவிடலாம். எங்கள் தெருவில் தறிக்குப் பக்கத்தில் தமிழ் பேசுவோம், கடைக்குப் போனால் தெலுங்கில் விலை கேட்போம், ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். எந்த மாநிலத்துக்காரர் என்று ஒருவரைக் கேட்பதே எங்களுக்குக் கொஞ்சம் புதிதாக இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தேவையில்லை. அவர் வீட்டில் நடந்தது அவர் வீட்டோடு.

ஆகஸ்ட் 30, காலை 6.15

திருத்தம். 1960இல் "தமிழ்நாட்டுக்கு வந்தது" என்று எழுதிவிட்டேன். அப்போது அது சென்னை மாநிலம். தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969இல். திருத்தணி செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்து, பிறகு திருவள்ளூர் மாவட்டமானது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1954இல் ராஜாஜி, சி.வி. ராமன் இருவரோடும் அவர் பாரத ரத்னா பெற்றபோது பிறந்த ஊர் ஆந்திராவில் இருந்தது. 1962இல் குடியரசுத் தலைவரானபோது அதே ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. பேச்சுப் போட்டிக்கு இதையே எழுதிக் கொடுங்கள், நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆகஸ்ட் 31

படிப்பைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். திருத்தணியில் தொடக்கப் பள்ளி. 1896இல் திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி. பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, அங்கிருந்து சென்னை கிறித்தவக் கல்லூரி. பக்கத்திலேயே திருமலை, பள்ளியோ பாதிரிமார் நடத்துவது. உங்கள் மதத்தில் அறத்துக்கு இடமே இல்லை என்று வகுப்பில் சொல்லக் கேட்டுக்கேட்டு வளர்ந்த பையன், 1908இல் முதுகலைக்கு வேதாந்தத்தின் அறத்தைப் பற்றியே ஆய்வு எழுதினான். அதை ஹாக் என்ற அவருடைய வெள்ளைக்காரப் பேராசிரியரே மெச்சினார்.

தத்துவத்தை அவர் தேடிப் போய் எடுக்கவில்லை. அந்தப் பாடத்தை முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் புத்தகங்களைக் கொடுத்தார், காசில்லாத வீடு, அதனால் அதையே படித்தார். முப்பத்திரண்டு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவளுக்கு இது பெரிய விஷயம். எங்கள் தமிழ்வழி வகுப்புக்குப் பாடப்புத்தகம் வந்து சேர சில வருடங்களில் தீபாவளியே ஆகிவிடும். போன வருடத்துப் பிள்ளைகளிடம் பழைய புத்தகத்தை வாங்கி, அட்டை ஒட்டி, பெயரை அடித்து எழுதிக் கொடுப்பேன். அப்படி ஒரு பழைய புத்தகம் கைக்கு வந்ததில்தான் ஒரு பையன் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானான்.

செப்டம்பர் 2

பிறந்த தேதியே தப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கதை கட்டவில்லை, உண்மையாகவே அப்படி ஒரு பேச்சு உண்டு. அவருடைய ஒரே மகன் கோபால், நேருவின் வரலாற்றை மூன்று பாகமாக எழுதிய அதே சர்வேபள்ளி கோபால், 1989இல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1887 செப்டம்பர் 20தான் தன் பிறந்த நாள் என்று அப்பா நம்பியதாக அதில் சொல்கிறார்.

எங்கள் பக்கத்தில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். என் நைனாவின் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 1. அவர் பிறந்தது ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். திருத்தணியில் காவடி இறக்கிவிட்டு வந்த இரவு வலி எடுத்ததாம். பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் பையனை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். விரல் பட்டது. ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஒரு தேதி போட்டுக்கொண்டார்.

1962இல் மாணவர்களும் நண்பர்களும் அவர் பிறந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்றபோது, அதை ஆசிரியர்கள் நாளாகக் கொண்டாடுங்களேன் என்றார். நாடு கொண்டாடுவது பதிவேட்டுத் தேதியை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறந்த நாளும் அந்த மாதிரிதான்.

செப்டம்பர் 3

திருட்டு வழக்கு. எழுத வேண்டாம் என்று நினைத்தேன். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய பெரிய நூலின் இரண்டாம் பாகம் 1927இல் வந்தது. ஜதுநாத் சின்ஹா என்ற இளம் அறிஞர், கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் தான் கொடுத்த ஆய்விலிருந்து பகுதிகளை எடுத்துப் போட்டிருக்கிறார் என்று 1929இல் மாடர்ன் ரெவ்யூ பத்திரிகையில் எழுதினார். இருவரும் ஒரே வடமொழி மூலங்களை மொழிபெயர்த்தால் ஒற்றுமை இருக்கத்தான் செய்யும் என்றார் ராதாகிருஷ்ணன். வழக்கும் எதிர் வழக்கும் போனது. 1933இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். தீர்ப்பு என்று ஒன்று வரவே இல்லை.

"திருடினார்" என்று எழுதுகிறவர்கள் இல்லாத தீர்ப்பை எழுதுகிறார்கள். ஆசிரியர் தினத்தில் இதை மூச்சே விடக்கூடாது என்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆசிரியர் தினத்தில்தான் பேச வேண்டும். எழுதியவன் சின்னவன், பெயர் வாங்குகிறவர் பெரியவர் என்ற நிலை எல்லாப் பள்ளியிலும் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரை வேறொரு பெரியவர் பெயரில் வந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அன்று சாயங்காலம் அந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதனால் ஜதுநாத் சின்ஹா பக்கமே என் மனம் முதலில் போகிறது. அதை மறைக்கவில்லை.

செப்டம்பர் 5, இரவு

இன்று பழைய பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை, சந்தன மாலை, படத்துக்குப் பூ. ஏழு பிள்ளைகள் பேசினார்கள். மைசூரிலிருந்து 1921இல் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது மாணவர்கள் வண்டியைப் பூவால் அலங்கரித்துத் தாங்களே ஸ்டேஷன்வரை இழுத்துப் போன கதையை ஏழு பேரும் சொன்னார்கள். நல்ல கதைதான். கேட்கும்போது எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

அப்புறம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பேச்சில் பேர் கொடுக்காதவள், கையைத் தூக்கி, "அந்த வண்டியில அவர் பெண்டாட்டியும் இருந்தாங்களா மிஸ்?" என்று கேட்டாள். யாரோ சிரித்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த இழையில் முதல் நாள் நான் எழுதியதை மறுபடி படித்தேன். "அவர் வீட்டில் நடந்தது அவர் வீட்டோடு." அதைத் திரும்பப் பெறுகிறேன்.

சிவகாமு அம்மாள் தூரத்து உறவுப் பெண். மாப்பிள்ளைக்குப் பதினாறு வயது வாக்கில் கல்யாணம். ஐந்து பெண், ஒரு பையன். ஐம்பது வருடத்துக்கு மேல் குடும்பம். சென்னை, மைசூர், கல்கத்தா, வால்டேர், ஆக்ஸ்போர்டு, காசி, மாஸ்கோ, டெல்லி என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். 1956 நவம்பரில் அம்மாள் காலமானார். அவர் அப்போது துணைக் குடியரசுத் தலைவர். 1962 மே மாதம் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் அவர் மனைவி இல்லாதவராகத்தான் நுழைந்தார்.

கணவருக்கு வேறு பெண்களோடு உறவு இருந்தது, அம்மா அதைத் தாங்கிக்கொண்டு வாழ்ந்தார் என்பதை எதிரிகள் கிளப்பவில்லை. மகன் எழுதியது. அப்பாவைக் கடைசிவரை மதித்த மகன், ஆவணம் இல்லாமல் ஒரு வரி எழுதாத வரலாற்றாசிரியர், தன் பெயரைப் போட்டு எழுதியது. யாரையும் சந்தோஷப்படுத்த அதை எழுதியிருக்க முடியாது.

நாம் அவருடைய "சொந்த வாழ்க்கை" என்று ஒதுக்கி வைக்கிறோமே, சிவகாமு அம்மாளுக்கு அதைவிட்டால் வேறு வாழ்க்கை கிடையாது. அதைப் பேசக்கூடாது என்றால் அவரைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதான் ஆகிறது.

செப்டம்பர் 6

"பெரியவரை அசிங்கப்படுத்தாதீர்கள், நீங்களும் ஆசிரியர்தானே" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஐயா, ஆசிரியர் என்பதால்தான் எழுதுகிறேன். 1942இல் கல்கத்தாவிலும் காசியிலும் அவர் தொடர் உரைகள் செய்தார். புத்தகமாகவும் வந்தது. இந்து சமூகத்தில் பெண்கள் என்று அதில் ஒரு முழு உரை. திருமணத்தைப் பற்றி அழகாகப் பேசுகிறார். பல வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்காக அதிலிருந்து குறிப்பெடுத்து நானே பேசியிருக்கிறேன். இப்போது எடுத்துப் படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் இந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நிற்பது போல இருக்கிறது. உரை பொய்யாகிவிட்டதா? ஆகவில்லை. ஆனால் பழையபடி படிக்க முடியவில்லை.

செப்டம்பர் 8

இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியப்பா இந்தப் பக்கத்தில் பேர் பெற்ற ஆசிரியர். ஊரில் "பெரிய சார்" என்றால் அவர் ஒருவர்தான். கணக்கு வாத்தியார். அவரிடம் படித்து வங்கிக்கும் ரயில்வேக்கும் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். அடித்ததே இல்லை. கணக்கு தப்பானால் பலகையைத் துடைத்து, "இன்னொரு தரம் பாக்கலாம்பா" என்பார், அவ்வளவுதான்.

அவருக்குப் புத்தூரில் இன்னொரு வீடு இருந்தது. ஊருக்கே தெரியும். சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் பஸ் ஏறுவார், ஞாயிறு ராத்திரி வருவார். பெரியம்மா ஞாயிறு ராத்திரிக்குச் சாதம் வடித்து வைத்திருப்பாள். சின்ன வயதில் நான் அங்கேயே படுத்துத் தூங்கும் நாட்களில் பார்த்திருக்கிறேன். எட்டரை மணிக்குத் தெரு முனையில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து போய் சொம்பில் தண்ணீர் வைப்பாள். அவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். இலையில் சாதம், வத்தக்குழம்பு. இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை போட்டும் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் அடுப்படியில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவாள், முதுகு எங்கள் பக்கம் இருக்கும்.

அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. இறுதி ஊர்வலத்தில் நானூறு பேருக்குக் குறையாது. இந்த வருடம் அவருடைய நூற்றாண்டு. பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள், குடும்பத்தின் சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணன் என்னைக் கேட்டிருக்கிறான். "நீதான் தமிழ் டீச்சர், நல்லா எழுது" என்கிறான். நல்லா என்றால் எப்படி என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சித்தூர் நண்பர் கேட்ட கேள்விக்கு முதல் நாள் "தேவையில்லை" என்று அவ்வளவு சுலபமாக எழுதினேனே, அது எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்.

செப்டம்பர் 9

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் சேர்த்து ஒரு விளக்கம். பெரியப்பாவை ராதாகிருஷ்ணனோடு ஒப்பிடவில்லை. ஒருவர் உலகம் அறிந்தவர், மற்றவரைக் குசஸ்தலை ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் தெரியும். நான் பார்ப்பது கோபாலை. அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அப்பாவை மட்டும் எழுதியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதாமலே விட்டிருக்கலாம், நேரு வரலாறு ஒன்றே அவர் பெயருக்குப் போதும். அம்மாவையும் சேர்த்து எழுதினார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. எனக்கும் இப்போது அதே வயது நடக்கிறது.

செப்டம்பர் 14

"அப்படியானால் அவர் படத்தை இறக்கிவிடலாமா?" என்று ஒரு தம்பி கேட்கிறார். கூடாது தம்பி. நாட்டுக்குச் செய்ததைப் பற்றி இந்த இழையில் நான் குறைவாகத்தான் எழுதியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தை 1931 முதல் 1936 வரை துணைவேந்தராக இருந்து நிமிர்த்தினார். 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர். சுதந்திரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவர். ஸ்டாலின் காலத்து மாஸ்கோவில் தூதர். எந்தக் கட்சியிலும் வளராதவர் 1962 மே 13இல் குடியரசுத் தலைவரானார். ஐந்து மாதத்தில் சீனப் போர். நேரு அவருக்கு நெருங்கிய நண்பர். அப்படியும் அரசு எதிரியை எளிதில் நம்பியது, அலட்சியமாக இருந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். 1964இல் நேரு, 1966இல் சாஸ்திரி என்று இரண்டு பிரதமர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்தார்கள். இரண்டு முறையும் குல்சாரிலால் நந்தாவுக்குத் தற்காலிகப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்து, பிறகு அடுத்தவரிடம் ஆட்சி குழப்பமில்லாமல் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவர் அவர்தான். நடுவில் 1965 போர். 1967 குடியரசு தினத்துக்கு முந்தின இரவு வானொலி உரையில் நாட்டில் திறமையின்மையும் நிர்வாகச் சீர்கேடும் பரவிவிட்டதைச் சொன்னார். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் தன் அரசை வைத்துக்கொண்டே சொன்னது. அந்த மே மாதம் ஜாகிர் உசேனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டார். 1975 ஏப்ரல் 17இல் சென்னையில் காலமானார். அந்த வீட்டுத் தெரு இன்று அவர் பெயரில் இருக்கிறது.

நண்பனின் அரசையே நேருக்கு நேர் குறை சொல்லத் துணிந்த மனிதர் இவர். இவரும் சிவகாமு அம்மாளின் கணவரும் ஒரே ஆள்தான். படம் சுவரிலேயே இருக்கட்டும். பேச்சுப் போட்டிக் கட்டுரையில் ஒரு பத்தி கூடட்டும், அவ்வளவே நான் கேட்பது.

செப்டம்பர் 15

மேலே எழுதியதில் ஒன்றைத் தணிக்க வேண்டும். ஒரு பத்தி என்றேன். யார் எழுதுவது? சிவகாமு அம்மாள் எழுதி வைத்த ஒரு வரிகூட என் கண்ணில் பட்டதில்லை. அவர் என்ன நினைத்தார் என்று மகன் சொல்லித்தான் நமக்குத் தெரியும். மகன் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் மகன். பெரியம்மாவைப் பற்றி நான் எழுதினாலும் அது என் கண்ணால் பார்த்த முதுகுதான்.

பெரியம்மா உயிரோடு இருக்கிறாள். வயது எண்பத்தெட்டு. அவளைக் கேட்காமல் இரண்டு வாரமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை மறுநாள் போகிறேன்.

செப்டம்பர் 18

போய் வந்தேன். நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

பெரியம்மா நாராயணவனத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் ஒன்றில் புரை, காது நன்றாகக் கேட்கிறது. மரமல்லி கோத்துக்கொண்டிருந்தாள், பழக்கத்தில் விரல் தானாகப் போகிறது. கட்டுரை எழுதிக் கொண்டுபோயிருந்தேன், நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் புத்தூர் விஷயத்தைப் பெயரில்லாமல், ஆனால் மறைக்காமல் எழுதியிருந்தேன். ஞாயிறு ராத்திரிச் சொம்பையும் எழுதியிருந்தேன்.

முழுதும் படித்தேன். நடுவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும் நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "பசங்களுக்குச் சோறு போட்டேனே, அது எங்கே?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பெரிய சாரிடம் படிக்க வந்த பையன்களுக்குத் தங்க இடம் கிடையாது. பின்கட்டுத் திண்ணையில் படுப்பார்கள், அவள் சமைத்துப் போடுவாள். ஒரு வருடம் ஒன்பது பேர். கேழ்வரகுக் களியும் கீரையும், வெள்ளிக்கிழமை மட்டும் அரிசிச் சாதம். பெரியப்பா சம்பளத்தில் பாதிதான் வீட்டுக்கு வரும். மீதி எங்கே போனது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கழுத்துச் சங்கிலி இரண்டு தரம் சேட்டுக் கடைக்குப் போய் வந்தது, மூன்றாம் தரம் வரவில்லை. பதினெட்டு வருடம் இப்படி. நான் அந்தத் திண்ணையில் அந்த அண்ணன்மார்களோடு கோலி ஆடியிருக்கிறேன். யார் சமைத்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர்களும் பெரிய சார் வீட்டில் தங்கிப் படித்தேன் என்றுதான் மலருக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

புத்தூரைப் பற்றி எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

"அது நீ எழுதினாலும் எழுதாங்காட்டியும் ஊருக்குத் தெரியும். இது யாருக்கும் தெரியாது" என்றாள்.

பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பள்ளிப்பட்டுப் பையன்கள் மூன்று பேர். நிண்ட்ராவிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், சின்னவனுக்குக் கத்தரிக்காய் ஆகாது. சத்திரவாடா, கார்வேட்டிநகரம். பெயர் மறந்தால் என்ன சாப்பிடுவான் என்று சொல்கிறாள். நான் கட்டுரையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்று பேர் ஆனது.

செப்டம்பர் 19

அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன், கட்டுரையை மறுபடி எழுதுகிறேன், பத்து நாள் வேண்டும் என்று. புத்தூர் ஒரே வாக்கியத்தில் இருக்கும். நீக்கச் சொன்னால் என் பெயரையும் நீக்கிவிடச் சொன்னேன். சரி என்றான், கொஞ்ச நேரம் கழித்து.

இங்கே ஒரு உதவி வேண்டும். பெரியம்மா எண்ணியதில் ஒரு பையன் மட்டும் பிடிபடவில்லை. பொதட்டூர்பேட்டைப் பையன், நெசவுக்காரர் மகன், 1971 அல்லது 72. இடது கையால் எழுதுவான். ராத்திரியில் இருமல் வரும், அவனுக்கு மட்டும் மிளகு தட்டிப் போட்டுப் பால் கொடுத்தாளாம். பரீட்சை முடிந்து ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை, பாஸானானா என்று தெரியாது. நேற்று ராத்திரியும் போன் செய்து, அவன் பேர் தெரிந்ததா என்று கேட்டாள். பொதட்டூர்பேட்டைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.